நான் அவளை நிற்கவைத்த மாதங்கள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "ஏங்க, இந்தக் கை இன்னா இப்படி மரத்துப் போவுது" என்றாள். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த நான், "உதறி விடு, சரியாயிடும்" என்றேன். உதறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தானாக எழுந்து நின்றதில்லை.

பாண்டிச்சேரியில் இருபது நாள் ஆஸ்பத்திரி. கோணிப்போன வாய் நேரானது, பேச்சு திரும்பி வந்தது. இடது கையும் இடது காலும் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, எப்போது நிற்பாள் என்று டாக்டரிடம் கேட்டேன். "பயிற்சி குடுங்க, பார்க்கலாம். இப்பவே சொல்ல முடியாதுங்க" என்றார்.

சொல்ல முடியாது என்ற பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. திருக்கோவிலூரில் எனக்குப் புளிக் கடை. கல்வராயன் மலையில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தே இது இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவேன். பெரிதாகத் தப்பியதில்லை. பஸ் போகாத மலையூர்களிலிருந்து மூட்டையைத் தோளில் போட்டு இறக்கிக் கொண்டுவந்த உடம்பு இது. ஐம்பத்தெட்டு வயதில்கூட, கூலி ஆள் வர நேரமானால் வண்டியிலிருந்து நானே சரக்கை இறக்கிப் போடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தத் திமிரில்தான் அவளிடம் சொன்னேன்: "ரமலான் பிறை தெரியறதுக்குள்ள உன்ன நிக்க வெச்சிடறேன். இந்த நோன்புக்கு நீ நின்னுக்கினுதான் தொழப்போற."

அப்போது ரமலானுக்கு ஆறு மாதம் இருந்தது. "அல்லாஹ் நாடினா" என்றாள். நானும் இன்ஷா அல்லாஹ் என்றேன். சரக்கு நாளைக்கு வந்துவிடும் என்று கடையில் சொல்லும்போது சேர்த்துச் சொல்வதுபோல, வாய்ப் பழக்கத்தில் வந்தது அது. உள்ளுக்குள் நான் நம்பியது என் முதுகையும் தோளையும்தான்.

தொழுகையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், அவள் ஒரு வேளையைக்கூட விட்டவள் இல்லை. நான் கடைச் சாக்கில் விட்டுவிட்டு அப்புறம் களா தொழுகிற ஆள். தவறிப்போனதைப் பின்னால் திரும்பத் தொழுது ஈடுகட்டுவதற்கு அப்படிப் பெயர். அவளுக்குக் களா என்பதே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு நிற்க முடியாமல் போனதில் இதுதான் பெரிய குறையாக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். அவளைக் கேட்கவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துக் காலை நீட்டி மடக்கினால் இப்போதைக்குப் போதும், அவசரப்பட்டு நிற்கவைக்க வேண்டாம் என்றாள். எனக்கு அந்த வேகம் போதவில்லை. ஐந்து வேளைத் தொழுகையையே பயிற்சியாக ஆக்கிவிட்டால் காலும் பலப்படும், கடமையும் முடியும். இந்தத் திட்டம் எனக்கே பிரமாதமாகப் பட்டது.

கட்டிலிலேயே பேசின் வைத்து, முகம் கை கால் கழுவி அவள் ஒளூ செய்துமுடிப்பாள். நான் பின்னாலிருந்து அவள் மார்புக்குக் குறுக்கே கையைக் கோத்துத் தூக்கி, மேற்கு பார்த்து நிற்கவைப்பேன். அவள் முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருக்கும். இடது கால் ஈரத் துணி மாதிரி தொங்கும். நன்றாக இருக்கிற வலது காலும் பயத்தில் மடங்கும். மொத்தப் பாரமும் என் மேல்தான். அவள் உதடு அசையும். ருகூவுக்குக் குனியும் நேரம் வந்ததும் கட்டிலில் உட்காரவைப்பேன், தொழுகையின் அடுத்த சுற்றான ரக்அத்துக்கு மறுபடி தூக்குவேன். கடமையான தொழுகைக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு முறை. கடமைக்கு மேல் தொழுகிற சுன்னத்துகளை அவள் உட்கார்ந்தபடியே தொழுதுகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

மதியம் லுஹர் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவேன். தூக்கி நிற்கவைத்துத் தொழவைத்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். சாயங்காலம் அஸருக்கும் அப்படியே. பள்ளிவாசலுக்குப் போவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் என்று ஆனது. என் தொழுகையை அவளுடையது முடிந்ததும் மூச்சிரைக்க, கால் மாற்றிக் கால் வைத்து, ஏதோ முடித்தேன் என்று பெயர். சென்னையில் கட்டிக்கொடுத்த மகள், "அத்தா, அம்மாவ கொஞ்ச நாள் இங்க கொண்டாந்து வுடுங்களேன், நாங்க பாத்துக்கறோம்" என்று போனில் கெஞ்சுவாள். "உங்கம்மாவ பாத்துக்க எனக்குத் தெரியும்" என்று வைத்துவிடுவேன்.

வீட்டு வேலைக்கு மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வருஷா வருஷம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவள், தன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் அந்த முறை வெட்டுக்குப் போகவில்லை. கரும்புக் கட்டைத் தூக்கி டிராக்டரில் ஏற்றிப் பழகிய கை. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு வாசல்படியில் நின்று கேட்பாள்.

"பாய், நான் ஒரு பக்கம் புடிச்சிக்கறேன். ஒத்த ஆளா இன்னாத்துக்கு அவ்ளோ கஷ்டப்படறீங்க?"

"வேணாம்மா. நீ பாத்திரத்த பாரு."

"இல்ல பாய், பாயம்மாவும் பாவம், பயப்படுறாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் பயப்படல. நீ போம்மா."

அவள் போய்விடுவாள். மறுநாள் மறுபடி கேட்பாள். அவளுக்கு மானம் ரோஷம் என்பதே இல்லையோ என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் நிறுத்தி வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நின்று தொழுகிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னேன். 

"பாய், முடியாதவங்க உக்காந்து தொழலாம். அதுவும் முடியலன்னா படுத்துக்கினே தலைய அசைச்சி தொழலாம். அந்தத் தொழுகை ஒண்ணும் கம்மி இல்ல."

"அது முடியாதவங்களுக்கு, ஹஜ்ரத்."

"அவங்க முடியாதவங்கதான பாய்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மனைவியை முடியாதவள் என்று சொல்ல இவர் யார் என்று இருந்தது. "நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போனேன்.

நான்காவது மாதத்திலிருந்து இடுப்பு பிடிக்க ஆரம்பித்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டினேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்று பட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது வெறும் இடுப்போடு வருவேன். தூக்க வேண்டிய இடத்தில் பட்டை இல்லாமலும், கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பட்டையோடும் இருந்த புத்திசாலி நான். களைப்பு எப்படி இருந்தது என்றால், தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டாலே எனக்குப் பகீர் என்றது. ஒரு முஸ்லிம் சொல்லக் கூடாத வார்த்தை இது, ஆனாலும் அதுதான் நிஜம். அடுத்த வேளை வந்துவிட்டதே, மறுபடி தூக்க வேண்டுமே என்றுதான் முதலில் நினைப்பேன்.

தை கடைசியில் புளி எடுக்க வெள்ளிமலைப் பக்கம் போனேன். எப்போதும் நான்தான் முதல் மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவேன். அது எனக்கு ஒரு பழக்கம். அன்றைக்கு அரை மூட்டையைப் பிடித்துத் தூக்கினேன், முழங்கால் உயரத்துக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. முதுகில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக எனக்குப் புளி போடுகிற மலைக்காரர் ஒருவர் வந்து மூட்டையை என் கையிலிருந்து வாங்கினார். "பாய்க்கு வயசாயிடுச்சி" என்று சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை, தன் வயதையும் சேர்த்துத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அங்கே கண் கலங்கிவிட்டது. இறங்கிவரும் வழி முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், இன்னும் மூன்று வாரம்தான், இன்னும் மூன்று வாரம் தாங்கிவிடு என்று என் முதுகோடு பேசிக்கொண்டே வந்தேன். என் முதுகிடம்தான் கெஞ்சினேன். வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

முதுகு தாங்கவில்லை. ரமலானுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அஸர் தொழுகையின் மூன்றாவது ரக்அத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியவன் அப்படியே பூட்டிக்கொண்டேன். நிமிர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, அவளைக் கட்டிலில் விடவும் முடியவில்லை. கால் தானாக மடங்கியது. இருவரும் சேர்ந்து பின்பக்கமாக விழுந்தோம். நான் கீழே, அவள் என் மேல். அவள் தலை என் தாடையில் இடித்தது. விழுந்த வேகத்தில் ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே வரவில்லை. செத்துவிட்டாளோ என்று நினைத்தேன். "ஏங்க, ஏங்க" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது.

பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாயம்மா, என் கழுத்த கட்டிக்குங்க. நல்ல கால ஊனிக்குங்க, நான் சொல்றப்ப நீங்களும் ஒரு எம்பு எம்புங்க" என்றாள். இரண்டே மூச்சில் அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டாள். தரையில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் ஒரு நாளும் நீயும் கொஞ்சம் எம்பு என்று நான் அவளிடம் சொன்னதில்லை. புளி மூட்டையைத் தூக்குவதுபோலவே தூக்கியிருக்கிறேன்.

அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. என்னை ஆட்டோவில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு, முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாதுங்க. ஆனா பாரம் தூக்கறத இதோட மறந்துடுங்க" என்றார் அந்த டாக்டர்.

வீட்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். வேலைக்காரப் பெண் காலையில் வந்தால் இருட்டும் வரை இருந்து இருவரையும் பார்த்தாள். எனக்கு உடம்பு துடைத்துவிட மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து போனார். கட்டிலில் கிடந்தபடி வேலை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவள் என் மனைவி. நான் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு கிடந்தேன். அந்த நான்கு நாளும் நான் தொழவில்லை. நிற்க முடியாதவனுக்கு என்ன தொழுகை வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வீம்பு. சொன்ன சொல்லை நிறைவேற்ற விடாமல் அல்லாஹ் என்னைத் தள்ளிவிட்டான் என்றுகூட நினைத்தேன்.

நான்காம் நாள் அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், பிறை தெரிந்துவிட்டதாகப் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். தெருவில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. வேலைக்காரப் பெண் எங்கள் இருவருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும்தான்.

"உன்ன நிக்க வெக்க முடியல" என்றேன். அவளைப் பார்க்காமல்தான் சொன்னேன்.



"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தப்பல்லாம் நான் ஒண்ணுமே ஓதல. உதடுதான் அசையும். எங்க விழுந்துடப்போறோமோ, உங்களுக்கு எங்க மூச்சு நின்னுடப்போவுதோன்னு அதுலயேதான் நெனப்பு. அது ஒரு தொழுகையான்னு எனக்கே அசிங்கமா இருக்கும். நீங்க கடைக்குப் போனதும் படுத்துக்கினே மறுபடியும் முதல்லேர்ந்து தொழுதுடுவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ராத்திரி இஷாவுக்கு மட்டும், நீங்க தூங்கற வரைக்கும் காத்துக்கினு இருப்பேன்."

அவள் கட்டில் ஏன் கால்மாடு மேற்கே இருக்கும்படி திரும்பிக் கிடந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மல்லாந்து படுத்துத் தொழுகிறவருக்குக் கால் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் இருக்க வேண்டும். காற்றாடிக்கு நேராக இருக்கட்டும் என்று வேலைக்காரப் பெண் திருப்பிப் போட்டாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்குப் பதினேழு முறை நான் முக்கித் தூக்கியதை எல்லாம், நான் தெருமுனை தாண்டியதும் அவள் அமைதியாகத் திரும்பத் தொழுதிருக்கிறாள். வாழ்நாளில் களா இல்லாதவளுக்கு ஆறு மாதக் களாவை உண்டாக்கிக் கொடுத்தவன் நான்.

"ஏன் சொல்லல?" என்றேன். 

"எப்படிச் சொல்றது? என்ன தூக்கறதுலதான் நீங்களே நின்னுக்கினு இருந்தீங்க. அத புடுங்கிட்டா உங்ககிட்ட வேற இன்னா இருக்கு?"

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது. ஆறு மாதமாக ஒத்திப்போட்டிருந்த களைப்பு மொத்தமும் அன்றைக்கு வந்து என் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன்.

இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். அன்றிலிருந்து ரமலான் இரவுகளுக்கான தராவீஹ் தொழுகை. ஊரே பள்ளிவாசலுக்குப் போகிற சத்தம் வாசலில் கேட்டது.

"நாலு நாளா நீங்க தொழல" என்றாள். "பாத்துக்கினுதான் இருந்தேன்."

"எப்படித் தொழறது? எழுந்து உக்காரவே முடியல."

"நான் எப்படித் தொழறேன்?"

அவளே சொன்னாள்: "உங்க கட்டிலும் மேற்க பாத்துதான் கெடக்குது, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். தலைக்கு இன்னொரு தலகாணி வெச்சிக்குங்க. ருகூவுக்குத் தலைய லேசா முன்னாடி அசைச்சா போதும். ஸஜ்தாவுக்கு அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நம்மால ஆவறது அவ்ளோதான்னு அவனுக்குத் தெரியாதா?"

படுத்தபடியே நெஞ்சில் கையைக் கட்டினேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதினேன். பல மாதங்களுக்குப் பிறகு அவசரமில்லாமல் ஓதினேன், தூக்குவதற்கு யாரும் இல்லை. ருகூவுக்குத் தலையை அசைத்தபோது அந்தச் சின்ன அசைவுக்கே இடுப்பு வரை வலி இழுத்தது. நெற்றி தரையில் பட வேண்டிய ஸஜ்தாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அசைத்தேன். அதற்கு மேல் இந்த உடம்பால் ஒன்றுமே ஆகவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவளும் தொழுதுகொண்டிருந்தாள். அவள் ஓதுவது அன்றுதான் எனக்குக் காதில் விழுந்தது.

தொழுது முடித்துக் கையை ஏந்தினேன். இவளை நிற்கவை என்று அவனிடம் கேட்டேன். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. அதுவரை அதை நானே செய்வதாக இருந்தேன்.

அவள் இன்னும் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.